நான்கு நொடி

குன்போ பார்சல் கிடங்கில்
இரவு இரண்டு நாற்பதுக்கு பெல்ட் நிற்கும்.
இருபது நிமிடம்.
வெந்நீர் இயந்திரத்தின் முன் வரிசை.
காகிதக் கிண்ணத்தின் மூடிமேல்
நூடுல்ஸ் வேகும்வரை
பாரத்துக்குக் கவிழ்த்து வைத்த கைப்பேசிகள்.

மூன்று வாரமாக ஒரே கேள்வி:
அந்த மருந்துக்கடைக்காரி
ஏன் நான்கு நொடி தாமதித்தாள்?

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்.
நீரேறும் அணைக்கட்டுச் சுரங்கம்.
உள்ளே முப்பத்தோரு பேர்.
மிஞ்சுகிறவருக்குப் பணம்.
ஐந்தாம் பாகம் முடியும் இடத்தில் இரும்புக் கதவு;
அந்தப்பக்கம் ஒருவன் தட்டுகிறான்,
இந்தப்பக்கம் தாழ்ப்பாள்மேல் ஒரு கை.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
தாழ் விழுகிறது.

"பழி" என்கிறான் பியோங்-தே.
"அவள் அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போட வைத்தவன் இவன்தான்.
முதல் பாகத்தில் சுவரில் வங்கி நாள்காட்டி தொங்குகிறதே,
சும்மாவா தொங்குகிறது?"
தம்பிக்கு ஜாமீன் நின்றதில்தான்
இவன் மூன்று வருடமாய் இரவைப் பகலாக்குகிறான்.
அதை யாரும் நாள்காட்டியோடு சேர்ப்பதில்லை.

ஓக்-சுன்னுக்கு அது காதல்.
"வெறுக்கிறவள் உடனே பூட்டுவாள்.
நான்கு நொடி என்பது, அடியே,
ஒரு முழுக் குடித்தனம்."

தா-உன் சின்னப்பெண். படத்தை நிறுத்தி,
இரு விரலால் விரித்துக் காட்டுகிறாள்:
மோதிர விரலின் அடியில்
வெளிறிய வளையம்.
"கழற்றியிருக்கிறாள்! மேலே உட்கார்ந்து பார்க்கிறவர்கள்
எல்லோரும் மோதிரக்காரர்கள்.
இவள் அவர்கள் வீட்டுப் பெண்."
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
இதைவிட இறுக்கமாய் யாரும் முடிச்சுப் போட்டதில்லை.

அது என் கை.

நடிகையின் விரல்கள்
கஷ்டப்பட்டவை போலில்லையாம்.
போன ஜனவரி, பாஜுவில் பழைய அச்சகக் கிடங்கு,
மைனஸ் பதினொன்று, ஒருநாள் கூலி,
வெளியே வாய் திறக்கமாட்டேன் என்று நான்கு கையெழுத்து.
வளையம் மோதிரத்தால் வந்ததல்ல.
அட்டைப்பெட்டி அறுக்காதிருக்க
ஷிப்டுக்கு முன் சுற்றும் பிளாஸ்திரி.
திரையை விரிக்கிற தா-உன்னின் விரலிலும்
அதே வெள்ளை.
எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறார்கள்.

"உனக்கென்ன தோன்றுகிறது, ஹ்வா-யோன்?"
"தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டிருக்கலாம்" என்றேன்.
சிரித்தார்கள்.
எனக்குக் கதை பார்க்கத் தெரியாதாம்.

ஆனால் உண்மை. முதல் மூன்று தடவை
துருவும் பனியும் பிடித்து அது நகரவே இல்லை.
யாரோ எண்ணெய் விட்டார்கள்.
அப்புறம் வழுக்கிக்கொண்டு ஓடியது;
நாலும் ஐந்தும் ரொம்ப வேகம் என்று தள்ளிவிட்டார்கள்.
ஆறாவதில்
கதவுக்கு அப்பால் தட்டிக்கொண்டிருந்தவர்
(பெயர் கேட்கவில்லை, காலையிலிருந்து
நனைந்த சட்டையோடு நின்றவர்)
இருமினார்.
வசனத்தில் இல்லாத இருமல்.
என் கை நின்றது.
இருட்டில் எவரோ "அருமை" என்றார்.
இருந்தாலும் ஏழாவது எடுத்தார்கள்.

எதைச் சேர்த்தார்கள்?
முப்பது முறை பார்த்துவிட்டேன்.
இருமல் இருக்கவேண்டிய இடத்தில்
வயலின் இருக்கிறது.
விரல் நடுங்குகிறது; அது குளிராகவும் இருக்கலாம்.
என் கையை எனக்கே படிக்க வரவில்லை.

நேற்று கம்பெனி பஸ்ஸில், கண்ணாடியில் தலை சாய்த்து,
நானும் ஒன்று கட்டினேன்:
அவள் மருந்துக்கடைக்காரி.
யாராவது இருமினால்
வறட்டு இருமலா, சளியா,
எந்தத் தட்டு, எந்தப் புட்டி
என்று கை தானாகத் தேடும்.
நான்கு நொடி
அதற்கு ஆகியிருக்கும்.
பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று
நினைவு வந்திருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் ஓக்-சுன் ஒப்புக்கொள்வாள்,
பியோங்-தே ஒப்புக்கொள்ளமாட்டான்.

பெல்ட் முனகுகிறது.
ஜேஜு ஆரஞ்சுப் பெட்டிகள் வரத் தொடங்கிவிட்டன.
ஓக்-சுன் பல்லால் பிளாஸ்திரியைக் கிழித்து
என் விரலைப் பிடித்துச் சுற்றுகிறாள்.
சுற்றி முடித்தும் விடவில்லை.

"என்ன?" என்றேன்.

"ஒன்றுமில்லை. கை சில்லென்று இருக்கிறது."